“என்னைக் கொண்டுபோனதுகள்” என்று ஒருவர் வந்து சொன்னால்

உங்களுக்கு நெருக்கமான ஒருவர் வந்து, இரவில் ஒரு வெளிச்சம் வந்தது, உடம்பு அசையவில்லை, கண் பெருத்த உருவங்கள் தன்னைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டன என்று சொன்னால், சிரிக்க வேண்டாம். நான் சொல்லப்போகிறவற்றில் முதலாவது அதுதான். சிரித்தால் அந்த ஆள் உங்களிடம் இனி வாய் திறக்கமாட்டார், எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற யாரையாவது இணையத்தில் தேடிப் போய்விடுவார், அங்கே அவருடைய கதைக்கு இல்லாத கை கால் எல்லாம் முளைக்கும். அதற்காக “ஐயோ, ஏலியன்தான்” என்று நீங்களும் சேர்ந்து சொல்லவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

எனக்கு இது என் அத்தானால் வந்தது. திருகோணமலையில் திருக்கடலூரில் இருந்து இரவு மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர், பேய் பிசாசுக்கும் பயப்படாத ஆள். ஒருநாள் விடியற்காலை 5 மணிக்கு உப்புவெளியில் எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. சாரத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கொடுத்த பிளேன்டீயைக் குடிக்காமல் ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார். “தம்பி, நான் குடிக்கேல்ல. முதல் அதை நம்பு” என்றார். மற்றதை அப்புறம்தான் சொன்னார்.

எங்கள் ஊரில் “ஆளைக் கொண்டுபோயிட்டாங்கள்” என்ற பேச்சுக்கு வேறு கனம் இருக்கிறது. கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் வீதியில் நின்ற மாவட்டம் இது. அந்தத் தாய்மார் கதைக்கும்போது கவனித்திருப்பீர்கள், எத்தனையாம் திகதி, எத்தனை மணி, எந்தச் சந்தி, என்ன நிற வாகனம், யார் யார் கண்டது, எங்கே முறைப்பாடு கொடுத்தது, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும், கடதாசியாகவும் பையில் இருக்கும். அவர்களை நாங்கள் நம்புவது கண்ணீரைப் பார்த்து மட்டுமில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை, அது பாவம். ஆனால் கேட்கவேண்டிய கேள்விகளை அவர்களிடம்தான் படித்தேன்: எப்போது, எங்கே, யார் கண்டது, என்ன மிச்சம். வேற்றுக்கிரகவாசிக் கதைகளை இந்தக் கேள்விகளோடு வாசித்தால், கடைசிக் கேள்வியில் எல்லாமே நின்றுவிடுகின்றன. உடம்பில் ஏதோ வைத்தார்கள் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள், அப்படி எடுத்த துண்டுகளில் ஒன்றுகூட இந்தப் பூமியில் இல்லாதது என்று உறுதியாகவில்லை.

சரி, என்ன செய்வது. ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள், அன்றைக்கே. இது ஏன் அவசரம் என்றால், நினைவு என்பது பெட்டிக்குள் பூட்டி வைத்த படம் இல்லை, ஒவ்வொரு தடவை எடுத்துச் சொல்லும்போதும் கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. இரண்டாம் தடவை சொல்லும்போது கேட்டவரின் முகம்கூட அதற்குள் போய்விடும். “கண் கறுப்பா, பெரிசா இருந்ததா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “என்ன கண்டீங்கள்?” என்று கேளுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சின்ன வயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றை வீட்டார் சொன்னதுபோல் 24 பேரிடம் சொல்லிப் பார்த்தார்கள், அவர்களில் 6 பேர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ தங்கள் நினைவாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த 6 பேரும் பொய்யர்கள் இல்லை.

கொப்பியில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் அவர் கண்டது, கேட்டது, உடம்பில் உணர்ந்தது. வலது பக்கம் அது என்ன என்று அவர் நினைத்தது. “வெள்ளை வெளிச்சம் மேலே ஓடிச்சுது” இடது பக்கம். “அது அவங்கட கப்பல்” வலது பக்கம். இந்தக் கோடு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பறக்கும் தட்டு என்ற பெயரே சாட்சி. 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னல்ட் என்ற விமானி வாஷிங்டன் மாநிலத்தில் ரெயினியர் மலைப் பக்கமாக 9 பொருட்கள் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீர் மேல் எறிந்த தட்டு தத்தித் தத்திப் போவதுபோல் அவை போயின என்று ஓட்டத்தைத்தான் அவர் தட்டோடு ஒப்பிட்டார் என்று பின்னர் விளக்கினார். பத்திரிகைகள் அதைப் “பறக்கும் தட்டு” ஆக்கின, அதன்பிறகு உலகமெல்லாம் சனம் தட்டையே காணத் தொடங்கியது. ஒரு சொல் மாறினால் அவ்வளவும் மாறும்.

அடுத்து, “இது எப்ப ஞாபகம் வந்தது?” என்று கேளுங்கள். நடந்த அன்றா, பத்து நாள் கழித்தா, ஒரு வீடியோ பார்த்த பிறகா? இந்த வகைக் கதைகளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட, அமெரிக்காவின் பெட்டி ஹில் என்ற பெண், அவருடைய கணவர் பார்னி ஹில் இருவரின் கதையை எடுங்கள். 1961 செப்டெம்பர் 19 இரவு, நியூ ஹம்ஷயரில் காரில் வீட்டுக்குப் போகும்போது ஒரு வெளிச்சம் தொடர்ந்து வந்தது, வழக்கத்தைவிட நேரம் கூடிப் போயிருந்தது. உருவங்கள் தங்களைப் பிடித்துப்போய்ச் சோதித்தன என்பது அன்றைக்கே வந்த நினைவு இல்லை, ஏறக்குறைய பத்து நாள் கழித்துப் பெட்டிக்கு வந்த கனவுகளில் வந்தது. அந்தக் கனவுகளை அவர் எழுதி வைத்தார், மற்றவர்களிடம் சொன்னபோது பார்னியும் கேட்டிருந்தார். 1964-இல்தான் பொஸ்டனில் மருத்துவர் பெஞ்சமின் சைமன் இருவரையும் ஹிப்னாடிசத்தில் வைத்துக் கேட்டார், விரிவான கதை அங்கேதான் வெளியே வந்தது. கேட்ட மருத்துவரே என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? பெட்டியின் கனவுதான் பார்னிக்கும் தொற்றியிருக்கிறது என்று. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே யாராவது “ஹிப்னாடிசம் செய்து மறந்ததை எடுக்கலாம்” என்று வந்தால் தயவுசெய்து விடாதீர்கள். அது நினைவைத் தோண்டி எடுப்பதில்லை. இல்லாததையும் சேர்த்து, சேர்ந்ததை நிச்சயமாக்கியும் விடும். இந்த ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், ஏனென்றால் ஒரு கெட்ட இரவை வாழ்நாள் காயமாக்குவது பல நேரம் இந்த வேலைதான்.

இப்போது நித்திரை. இதில்தான் ஆறுதலாக இருந்து கேட்கவேண்டும். படுத்திருந்தாரா? மல்லாந்தா? அதற்கு முதல் எத்தனை மணி நேரம் நித்திரையில்லை? கண் திறந்திருந்ததா, உடம்பு அசைந்ததா, நெஞ்சில் பாரம் இருந்ததா, யாரோ அறைக்குள் நிற்பதுபோல் தெரிந்ததா? எங்கள் அம்மம்மா இதைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பார்: அமுக்குப் பேய். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இதைக் கிழவி வந்து நெஞ்சில் ஏறுவதாகச் சொன்னார்கள், ஜப்பானில் கனஷிபாரி. கனவு காணும் கட்டத்தில் நாங்கள் எழுந்து ஓடிவிடாமல் மூளை கைகால் தசைகளை நிறுத்தி வைக்கிறது. சில நேரம் விழிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும், தசை இன்னும் கட்டுண்டபடி, கனவு இன்னும் ஓடியபடி. சில விநாடி அல்லது ஓரிரு நிமிடம்தான், அதற்குள் ஒரு யுகம் போனதுபோல் இருக்கும். நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது இது வந்திருக்கிறது என்பது ஆய்வுகளின் கணக்கு.

எனக்கும் வந்திருக்கிறது. ஏ.எல். பரீட்சைக்கு முந்திய கிழமை, கரண்ட் போய் மின்விசிறி நின்ற இரவு. கண் திறந்திருந்தது, யன்னலால் வேப்பமரத்து நிழல் சுவரில் விழுந்திருந்தது, அந்த நிழலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒருவர் நின்றார். முகம் இல்லை, ஆனால் என்னைத்தான் பார்க்கிறார் என்று தெரியும். அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. பெருவிரல் அசைந்ததும் எல்லாம் போய்விட்டது, அலுமாரி மட்டும் நின்றது. அதை நான் பேய் என்று நினைத்தேன், ஏனென்றால் எனக்குச் சொல்லித் தந்தது பேயைத்தான். கண் பெருத்த சாம்பல் உருவங்களைப் படங்களில் பார்த்து வளர்ந்திருந்தால் அங்கே நின்றது யாராக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அத்தானின் கொப்பியில் என்ன இருந்தது என்றால், இரண்டு இரவு தொடர்ந்து கடலில், மூன்றாம் இரவு வலை சரியில்லாமல் வாடியிலேயே, கரையில் இருக்கும் ஓலைக் கொட்டிலில், மல்லாந்து படுத்தது, 3 மணி போல் கூரை முழுக்க வெள்ளை வெளிச்சம் ஓடியது, உடம்பு பலகைபோல் ஆனது, கால்மாட்டில் மூன்று பேர். அடுத்த நாள் அதே நேரம் நானே அந்த வாடியில் போய்ப் படுத்தேன். நீங்களும் இதைச் செய்யவேண்டும், வீட்டில் இருந்து ஊகிக்காதீர்கள். 3 மணி கழிந்து ஒரு படகு கரைக்கு வந்தது, அதன் முன் விளக்கு ஓலை இடுக்குகளால் உள்ளே அடித்து, கோடு கோடாகக் கூரையின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் ஓடியது. எது என்று தெரிந்திருந்தும் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

நித்திரை இல்லை, திறந்த வெளியில் விழித்திருந்தே கண்டார் என்றால் வானத்தைப் பாருங்கள். இது சுருக்கமான வேலை. திசை, உயரம், நேரம் மூன்றும் வாங்கிக்கொண்டு போனில் ஒரு வானவரைபடச் செயலியில் அந்த நேரத்தைப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக் கிரகம் தாழ்வாக நிற்கும்போது, ஆடும் படகில் இருப்பவருக்கு அது தன்னைத் துரத்துவதுபோலவே இருக்கும். 2019 மே முதல் ஸ்டார்லிங்க் என்ற இணையச் செய்மதிகள் ஏவிய புதிதில் மணிமாலை போல் வரிசையாகப் போகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே ஏவும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் இலங்கைக்கு மேலால் போகாமல் கடலுக்கு மேல் வளைந்து போகிறது, இரவில் ஏவினால் கிழக்குக் கடலில் நிற்பவர் கண்ணில் படலாம். பக்கத்தில் சீனன்குடா விமானத்தளத்துக்கு வந்துபோகும் விமானங்களின் விளக்குகளையும் மறக்கவேண்டாம்.

“ஆனா அந்தாள் நடுங்கினதை நான் என்ர கண்ணால கண்டன், நடிக்கேல்ல” என்று அக்கா சொன்னார். சரிதான். 2004-இல் ஹார்வர்டில் ரிச்சர்ட் மக்நலி குழு, கடத்தப்பட்டதாகச் சொன்ன 10 பேருக்கு அவர்களுடைய கதையையே திரும்பப் போட்டுக் காட்டி இதயத் துடிப்பையும் வியர்வையையும் அளந்தது. போர் போன்ற உண்மையான அதிர்ச்சியில் இருந்து மீண்டவர்களுக்கு வருகிற அளவுக்கே அவர்களுக்கும் வந்தது. 1973 ஒக்டோபரில் மிசிசிப்பியில் பாஸ்ககூலா ஆற்றில் தூண்டில் போட்ட இருவர் இப்படி ஒரு கதையோடு ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனார்கள். அறையில் அவர்களைத் தனியே விட்டு ஒளித்து வைத்த கருவியில் பதிவு செய்தார்கள், ஆளில்லாத அறையிலும் அவர்கள் பதறிக்கொண்டுதான் கதைத்தார்கள். நடுக்கம் உண்மை என்பது பயம் உண்மை என்பதற்குச் சாட்சி. பயந்தது எதற்கு என்பதற்கு அது சாட்சி இல்லை.

வெளியே எங்கேயும் உயிர் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. சுவாமி மலையடியில் 1956-இல் மூழ்கிக் கோணேசர் கோயில் இடிபாடுகளைக் கண்டவர்களில் ஒருவரான, விண்வெளிக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கைவிட அந்த ஆசை கூடியவர் யார்? அவரே பறக்கும் தட்டுக் கதைகளை நம்பவில்லை. தூரமும் சின்னது இல்லை. 1977-இல் ஏவிய வொயேஜர் 1 போகிற வேகத்தில், சூரியனுக்கு அடுத்த நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்க 70,000 வருடத்துக்கு மேல் ஆகும்.

ஒன்று மட்டும் தாமதிக்கக்கூடாது. படுத்திருக்காமல், நடமாடிக்கொண்டிருந்த ஒருவருக்கு மணிக்கணக்கில் நேரம் போனதே தெரியவில்லை என்றால், கை இழுத்தது, நாக்கைக் கடித்திருக்கிறது, தலையில் அடி, புதிதாக ஒரு மருந்து, இப்படி ஏதாவது சேர்ந்து வந்தால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வலிப்பு நோயில் இப்படியும் வரும். நடந்ததைத் தேதியோடு எழுதிய கொப்பியையும் கொண்டுபோங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி. அமுக்குப் பேய்தான் என்றால் ஒழுங்கான நித்திரை, சரிந்து படுப்பது, வந்தால் விரல் நுனியை அசைக்கப் பார்ப்பது, இவ்வளவுதான்.

கடைசியில் அவர் கட்டாயம் கேட்பார், “நீ என்னை நம்புறியா?” என்று. அதற்கு முன்பே பதிலை யோசித்து வையுங்கள், மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவார். நான் சொன்னது இதுதான்: “நீங்கள் பட்டது முழுக்க உண்மை எண்டு நம்புறன் அத்தான். ஆரோ வந்து கொண்டுபோனது எண்டதை நம்பேல்ல, என்ன எண்டு பாப்பம், நாளைக்கு 3 மணிக்கு வாடிக்கு வாங்கோ.”

அவர் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை வாங்கி முதல் பக்கத்தில் இருந்து வாசித்தார். நாலாம் வரியில் நிறுத்தி, என் பேனையை வாங்கி, “வலது கை எண்டு எழுதியிருக்கிறாய் தம்பி, இடது” என்று வெட்டித் திருத்தினார். அப்புறம் ஆறின பிளேன்டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்து இருந்தார்.