மறுஆக்கத் திகில் படம் பற்றிய பார்வையாளர் கருத்தைத் திரட்டும் முறை

சேலத்தில் நண்பர்களைக் கூட்டி ஜார்ஜ் ரொமேரோவின் 1978ஆம் ஆண்டுப் படமான ‘டான் ஆஃப் தி டெட்’டையும், சாக் ஸ்னைடர் இயக்கிய 2004ஆம் ஆண்டு மறுஆக்கத்தையும் திரையிட விரும்புவோர், முதலில் வயதுவந்தோரை மட்டுமே அழைக்க வேண்டும்; இரண்டிலும் இரத்தக் காட்சிகள் மிகுதி. எந்தப் படத்தை ஒருவர் முதலில் பார்த்தார் என்பதே பெரும்பாலும் அவரது சார்பைத் தீர்மானிப்பதால், அதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

படம் முடிந்ததும் பேச்சைத் தொடங்காமல், ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தனியாகச் சீட்டில் எழுத அவகாசம் கொடுங்கள். இல்லையெனில் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடையதாகிவிடும்.

‘பிடித்ததா?’ என்ற கேள்வியால் பயனில்லை. இரண்டிலும் கதைமாந்தர் ஜாம்பிகளுக்கு, அதாவது எழுந்து நடமாடி மனிதரைத் தின்னும் பிணங்களுக்கு, அஞ்சி ஒரு வணிக வளாகத்தில் தஞ்சம் புகுகிறார்கள். பழைய படத்தில் ஜாம்பிகள் தள்ளாடி நடக்கின்றன, புதியதில் துரத்தி ஓடுகின்றன. இந்த வேகம் அச்சத்தை எப்படி மாற்றியது என்று கேளுங்கள். மெதுவான ஜாம்பிகள் கதைமாந்தருக்கு ஓய்வு தருவதால்தான், வணிக வளாகத்துப் பொருள்கள்மீது அவர்கள் கொள்ளும் பேராசையை ரொமேரோவால் நிதானமாகக் காட்ட முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் மறுஆக்கத்தின் தொடக்கக் காட்சிகளின் பதற்றத்தைப் பாராட்டுவோரையும் முழுமையாகப் பேச விடுங்கள்.

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கத்து வணிக வளாகம் ஒன்றில் தாமே சிக்கினால் எந்தக் கடைக்கு முதலில் ஓடுவார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.