எந்த எண்ணெய் நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி பாட்டில்ல தேதி எழுதுங்க

யார் எண்ணெய் பத்தி கேட்டாலும் நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான், புது பாட்டிலைத் திறக்கிற அன்னிக்கே அது மேல மார்க்கர்ல தேதி எழுதிடுங்க, தீந்ததும் எத்தனை நாள் வந்துச்சுன்னு எண்ணுங்க. நாலு பேர் இருக்குற வீட்ல 1 லிட்டர் 10 நாள்ல காலின்னா ஆளுக்கு தினமும் 25 மில்லி, அதாவது எண்ணெய்ல மட்டுமே 200 கலோரிக்கு மேல போகுது. விலை கூடினது, குறைஞ்சது, ரீஃபைன்ட், செக்குல ஆட்டுனது எதுவா இருந்தாலும் கொழுப்பு 1 கிராமுக்கு 9 கலோரிதான். அதனால ஊத்துறதை நிறுத்திட்டு ஸ்பூன்ல அளந்து விடுங்க, இது ஒண்ணு செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது லேபிள். முன்பக்கம் பெருசா "கொலஸ்ட்ரால் இல்லை"ன்னு இருக்கும், அதை நம்பி வாங்காதீங்க, தாவர எண்ணெய் எதுலயுமே கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. பின்னாடி திருப்பி சாச்சுரேட்டட் கொழுப்பு, அதாவது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவுன்னு பாருங்க. 100 கிராம்ல தேங்காய் எண்ணெய்க்கு 80 கிராமுக்கு மேல வரும், பாமாயிலும் வெண்ணெயும் 50 பக்கம், கடலை எண்ணெய் 17, நல்லெண்ணெயும் ஆலிவும் 14, சூரியகாந்தி 11 கிட்ட. கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல்லை ஏத்துறது இந்த சாச்சுரேட்டட்தான். மொத்த கலோரில இது 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 2000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு அது சுமார் 22 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய்லயே அதுல பாதி வந்துடும். நல்ல கொலஸ்ட்ராலும் ஏறுதேன்னு கேப்பீங்க, ஏறுதுதான், ஆனா கூடவே எல்டிஎல்லும் ஏறுதே. ருசிக்காக எப்பவாவது சேத்துக்கோங்க, தினசரி எண்ணெயா வேண்டாம்ங்கிறது என் கருத்து.

இன்னொண்ணு, குறைச்ச இடத்துல என்ன வைக்கிறீங்கன்னும் பாக்கணும். வெண்ணெய்க்கு பதிலா சூரியகாந்தியோ ஆலிவோ வந்தா இதயத்துக்கு நல்லது, வெண்ணெயை விட்டுட்டு பிஸ்கட்டும் சர்க்கரையும் சாப்பிட்டா ஒரு பலனும் இல்ல.

டிரான்ஸ் கொழுப்புல மட்டும் கொஞ்சம்னு சமாதானமே கிடையாது, அது கெட்டதை ஏத்தி நல்லதை இறக்கும். லேபிள்ல "பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட்"னு (பாதி ஹைட்ரஜன் ஏத்தின எண்ணெய், டிரான்ஸ் கொழுப்பு வர்றது இதுலதான்) ஒரு வார்த்தை இருந்தா அப்படியே திருப்பி வச்சிடுங்க, பாக்கெட் முன்பக்கம் டிரான்ஸ் 0ன்னு போட்டிருந்தாலும் சரி, சில நாடுகள்ல ஒரு பரிமாறலுக்கு கொஞ்சமா இருந்தா 0ன்னு போட சட்டமே இடம் கொடுக்குது.

பொரிக்கிறதுக்கு ரீஃபைன்ட் எண்ணெய் சூடு தாங்கும், ஆளிவிதை எண்ணெயை அடுப்புலயே ஏத்தாதீங்க, ஆறின சாப்பாட்டு மேல விட்டுக்கோங்க. சட்டில புகை வந்துடுச்சுன்னா அந்த எண்ணெய் கெட ஆரம்பிச்சாச்சு. பொரிச்ச எண்ணெயை திரும்பத் திரும்ப காய்ச்சினா ஆல்டிஹைடு மாதிரி வேண்டாததெல்லாம் சேரும், கறுத்துப்போய் பிசுபிசுன்னு நுரை கட்டினா யோசிக்காம தூக்கிப் போடுங்க. ஆறினதும் மூடி போட்ட டப்பால ஊத்தி குப்பைல போடுங்க, சிங்க்ல ஊத்தினா குழாய் அடைச்சுக்கும்.

பாட்டிலை அடுப்புப் பக்கத்துல வைக்காதீங்க, வெளிச்சமும் சூடும் படாத அலமாரில மூடி இறுக்கி வைங்க. கொஞ்ச நாளா தொடாத பாட்டில்னா ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாருங்க, பெயின்ட் வாடையோ பழைய கிரையான் வாடையோ அடிச்சா அது சிக்கு வாடை பிடிச்சு கெட்டுப்போன எண்ணெய்.