கையில் தடுப்பூசி விலக்குக் கடிதம், இருந்தும் விமான நிலையத்தில் நிற்பது ஏன்?

அணியோடு வெளிநாடு போகும் மேலாளர் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் டிக்கெட், விசா, ஜெர்சிப் பெட்டி எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள். தடுப்பூசிச் சான்றிதழ் என்று வந்தால் மட்டும் 2022-ல் உலகின் முதல்நிலை டென்னிஸ் வீரரின் குழு தடுக்கி விழுந்த அதே படிகளில் விழுகிறார்கள். கொரோனா கால விதிகள் போய்விட்டன, தவறுகள் போகவில்லை. பாஸ்போர்ட் காலாவதி, ஊசியே போடாமல் கிளம்புவது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவை இங்கே வேண்டாம்.

போட்டி நடத்துபவர் தந்த விலக்கை நாடு தந்ததாக எடுத்துக்கொள்வது

எத்தனை முறை சொன்னாலும் ஆள் மாற்றி ஆள் செய்யும் தவறு இதுதான். எரிச்சலை அடக்கிக்கொண்டு இன்னொரு முறை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச், ஊசி போடாமல், ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆட 2022 ஜனவரி 5 இரவு பதினொன்றரை மணி வாக்கில் மெல்பர்ன் விமான நிலையத்தில் இறங்கினார். அப்போது அவரிடம் இருந்த காகிதங்களைப் பாருங்கள். நவம்பர் 18-ல் கிடைத்த 408 வகை தற்காலிக விசா. போட்டியை நடத்தும் டென்னிஸ் ஆஸ்திரேலியாவின் தலைமை மருத்துவ அலுவலர் டிசம்பர் 30 தேதியிட்டுத் தந்த மருத்துவ விலக்கு. டிசம்பர் 16-ல் எடுத்த பி.சி.ஆர். பாசிட்டிவ் என்பதுதான் அதற்குக் காரணம். அந்த விலக்கை விக்டோரியா மாநில அரசின் நிபுணர் குழுவும் பார்த்துச் சரி என்றிருந்தது. மாநிலத்துக்குள் நுழைய ஒரு பயண அனுமதி. போதாததற்கு, தனிமைப்படுத்தல் இல்லாமல் வரத் தகுதி இருப்பதாகத் தெரிகிறது என்று மத்திய அரசின் பயண அறிவிப்புத் தளத்திலிருந்து ஜனவரி 1-ல் வந்த பதில்.

இவ்வளவும் வைத்திருந்தவரின் விசா மறுநாள் காலை 7.42-க்கு ரத்தானது.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. ஆறு மாதத்துக்குள் தொற்று வந்தவர் ஊசியைத் தள்ளிப்போடலாம் என்பது உள்நாட்டுத் தடுப்பூசித் திட்டத்துக்காகச் சொல்லப்பட்ட மருத்துவ ஆலோசனை. ஊசியைத் தள்ளிப்போடலாம் என்பது வேறு, போடாமலே நாட்டுக்குள் வரலாம் என்பது வேறு. சமீபத்தில் தொற்று வந்ததை மட்டும் வைத்து வெளிநாட்டிலிருந்து வருபவரை முழுமையாக ஊசி போட்டவராகக் கருத முடியாது என்று, அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் கிரெக் ஹண்ட் நவம்பர் மாதமே டென்னிஸ் ஆஸ்திரேலியாவுக்கு எழுத்தில் சொல்லிவிட்டார். டிசம்பரில் வீரர்களுக்குப் போன தகவல் தாளில் சமீபத்திய தொற்று என்பது விலக்குக்கான காரணமாக அப்படியே இருந்தது. தாளை நம்பியவர்கள் விமானம் ஏறினார்கள்.

செக் நாட்டு இரட்டையர் ஆட்டக்காரர் ரெனாட்டா வொராச்சோவாவின் நிலை இன்னும் மோசம். இதே மாதிரி விலக்கோடு வந்தார், இமிகிரேஷன் விட்டது, மெல்பர்னில் ஒரு முன்னோட்டப் போட்டியில் ஆடியும் விட்டார். அதன் பிறகு கூப்பிட்டு விசாவை ரத்து செய்தார்கள். உள்ளே விட்டுவிட்டார்கள் என்பதால் விவகாரம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இங்கே மூன்று வாசல்கள் இருக்கின்றன: மைதானம், மாநிலம் அல்லது நகரம், நாட்டின் எல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிகாரி, தனித்தனிச் சட்டம். ஒரு வாசலில் வாங்கிய சீட்டு அடுத்த வாசலில் செல்லாது. அமெரிக்க ஓப்பன் 2022-ல் வீரர்களுக்கென்று தனியாக ஊசி விதி வைக்கவில்லை; மைதான வாசல் திறந்தே இருந்தது. நாட்டின் விதி வேறு என்பதால் ஜோகோவிச்சால் போக முடியவில்லை. நியூயார்க்கில் கூடைப்பந்து வீரர் கைரி இர்விங் விஷயம் நேர் எதிர். எல்லையே குறுக்கே வரவில்லை. தடுத்தது நகர விதி. வெளியூரிலிருந்து வந்த ஊசி போடாத வீரர்களுக்கு அது பொருந்தவில்லை, சொந்த ஊர் அணிக்காரருக்குப் பொருந்தியது. 2022 மார்ச் 24-ல் மேயர் விலக்கு தரும் வரை வெளியூர் ஆட்டங்களில் ஆடினார், உள்ளூரில் உட்கார்ந்தார்.

விலக்குக் கடிதம் கைக்கு வந்ததும் கேட்க வேண்டியவை மூன்று. கையெழுத்துப் போட்டவர் யார்? எந்த விதியிலிருந்து விலக்கு? எல்லையில் நிற்கும் துறை இதை ஏற்பதாக அந்தத் துறையே எழுதித் தந்திருக்கிறதா? மூன்றாவதற்குப் போட்டி அமைப்பாளர் “நாங்கள் பேசிவிட்டோம்” என்றால் அது பதில் அல்ல. துறையின் மின்னஞ்சல் வேண்டும். அதில் வீரரின் பெயரும் விலக்கின் காரணமும் இருக்க வேண்டும். இணையதளம் தானாக அனுப்பும் பதிலையும் நம்பக் கூடாது. நீங்கள் படிவத்தில் தட்டிய விடைகளை வைத்துத்தான் அது பேசுகிறது; உங்கள் ஆவணத்தை யாரும் பார்த்ததாக அர்த்தமில்லை.

இன்னொன்று, வந்து இறங்கும் நேரம். ஜோகோவிச்சுக்குப் பதில் சொல்லக் காலை 8.30 வரை அவகாசம் என்று 5.20-க்குச் சொன்னார்கள். ஆனால் 6.14-க்கே பதில் கேட்டு, 7.42-க்கு முடிவெடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் எந்த வக்கீல் போனை எடுப்பார்? கொஞ்சமாவது சந்தேகமுள்ள காகிதத்தோடு போகிறவரை அலுவலக நேரத்தில் இறங்கும் விமானத்தில் அனுப்புங்கள். வக்கீல் எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். விசாரணை அறையில் செல்போனை அணைக்கச் சொல்லலாம்.

அந்த அவகாசக் குளறுபடியால்தான் ஜனவரி 10-ல் நீதிபதி ஆன்டனி கெல்லி ரத்தை நீக்கினார். விலக்கு செல்லும் என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. இதைப் பலர் இன்னும் தலைகீழாகச் சொல்கிறார்கள். குடியேற்ற அமைச்சர் அலெக்ஸ் ஹாக் ஜனவரி 14-ல் தன் சொந்த அதிகாரத்தில் மறுபடி ரத்து செய்தார். 16-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அமைச்சர் பக்கம் நின்றது. மறுநாள் போட்டி தொடங்கியது, அவர் இல்லாமல். விசா ரத்தோடு மூன்றாண்டுத் தடையும் ஒட்டிக்கொள்ளும். அவருக்கு அதை 2022 நவம்பரில் நீக்கினார்கள். இருபத்திரண்டு வயது வீரருக்கு அந்தத் தடை நீங்காமல் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பயணப் படிவத்தை உதவியாளர் தட்டட்டும் என்று விடுவது

முந்தைய 14 நாளில் வேறெங்காவது பயணம் செய்தீர்களா? ஜோகோவிச்சின் படிவத்தில் “இல்லை” என்று இருந்தது. பெல்கிரேடிலும் ஸ்பெயினிலும் அவர் இருந்த படங்கள் ஊருக்கே தெரியும். உதவியாளரின் கைத்தவறு என்று பிறகு விளக்கம் தந்தார். யார் தட்டினாலும் அறிவிப்பு பயணியின் பெயரில்தான். போர்டிங் பாஸ்களை மேசையில் பரப்பி, வீரரைப் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்புங்கள்.

போட்ட ஊசி எல்லா நாட்டிலும் செல்லும் என்று நினைப்பது

ரஷ்ய வீராங்கனை நடாலியா விக்லியான்ட்சேவா ஸ்புட்னிக் ஊசி போட்டிருந்தார். ஆஸ்திரேலியா அதை அப்போது ஏற்கவில்லை, போட்டி போயிற்று. ஏற்பதாக அறிவிப்பு வந்தது 2022 ஜனவரி 17-ல், போட்டி தொடங்கிய அன்று. ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தப் பெயர், கடைசி டோஸ் எந்தத் தேதி, போகிற நாட்டின் பட்டியலில் உண்டா என்று பாருங்கள்.

போன முறை விட்டார்களே

2022 ஜனவரி 15-க்கு முன் கனடா தொழில்முறை வீரர்களுக்கு ஊசி போடாமலே வரச் சலுகை தந்தது. அதற்குப் பிறகு இல்லை. அந்த ஜூலையில் டொரன்டோ போன கான்சஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பால் அணி, ஊசி போடாத பத்து வீரர்களை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஆடாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

ஊக்கமருந்து விலக்கைக் காட்டுவது

தடைசெய்த மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்கத் தரும் விலக்கு அது. இமிகிரேஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெயரும் இனிஷியலும்

நம் பக்கத்து வீரர்களுக்கே உரிய வில்லங்கம். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், எண்ணும் இருக்கட்டும்.

மஞ்சள் அட்டை

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான சான்றிதழ். ஃபுட்பாலில் வாங்கக் கூடாதது, இங்கே வாங்காமல் போகக் கூடாதது. இன்றும் உயிரோடு இருக்கும் விதி. மலைப் பயிற்சிக்குக் கென்யா போகும் ஓட்டக்காரர்கள் போகும்போது அல்ல, திரும்பும்போதுதான் மாட்டுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் செல்லத்தக்க அட்டை இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், அந்த ஆறு நாள் முடியும் வரை தனிமையில் வைக்கலாம்.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையில் பத்தாண்டு என்று இருந்தாலும் மறுபடி போடத் தேவையில்லை. எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, அங்கீகரித்த மையத்தில்தான். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும், கரைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் ஆள் சேர்த்துக் குறித்த நாளில் போடுவார்கள். முதல் வேலை முன்பதிவு. உயிருள்ள வைரஸ் ஊசி என்பதால் சில நாள் காய்ச்சல், உடல்வலி வரலாம். தகுதிச் சுற்றுக்கு முந்தைய வாரம் வேண்டாம்.

வாங்கிய இடத்திலேயே அட்டையைப் பாருங்கள். மருத்துவரின் கையெழுத்தும் வேண்டும், மையத்தின் முத்திரையும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது கிடையாது. அடித்துத் திருத்தியிருந்தாலோ ஒரு கட்டம் காலியாக இருந்தாலோ செல்லாததாக்கலாம். உடல்நிலை காரணமாக ஊசி போட முடியாதவருக்கு மருத்துவர் காரணத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதித் தர வேண்டும். அதையும் எல்லையில் இருப்பவர் கருத்தில் கொள்வார், அவ்வளவுதான். கட்டாயம் விட்டாக வேண்டும் என்றில்லை.