ஒரு வாரம், ஒரு ராகம், ஒரு எழுத்தாளர், ஒரு ஆட்டம், ஒரு கடப்பா: டெல்டாக்காரங்க வாரத்தை ரசிக்க ஒரு வழி

வாரம் பூரா பாட்டு கேக்குறோம், டிவி பாக்குறோம், போன்ல கேம் ஆடுறோம், நல்லா சாப்பிடவும் செய்றோம், ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கும்போது இந்த வாரம் எது புடிச்சிருந்துச்சுன்னு யோசிச்சா ஒண்ணும் தோண மாட்டேங்குதுன்னு நெறைய பேர் சொல்றாங்க. எதையும் ரெண்டாவது தடவை தொடாம அடுத்ததுக்கு தாவிட்டே இருந்தா எது மனசுல நிக்கும்? நான் சொல்ற வழி ரொம்ப சிம்பிள். ஒரு வாரத்துக்கு ஒரு ராகம், ஒரு எழுத்தாளர், ஒரு ஆட்டம், டிவில ஒண்ணு, சமையல்ல ஒண்ணு, அவ்ளோதான். அதையே திரும்பத் திரும்ப செய்யணும்.

எந்த வாரம்னா, சம்பா அறுப்பு முடிஞ்சு கை கொஞ்சம் ஓய்வா இருக்குற மாசி, பங்குனிதான் நம்ம பக்கத்துக்கு தோது. வெயில் இன்னும் ஏறியிருக்காது, கும்பகோணத்துல மாசி மகம், திருவாரூர்ல பங்குனி உத்திரத் திருவிழான்னு சாமி புறப்பாடு வரிசையா இருக்கும், நேர்ல நாயனம், அதாவது நாதஸ்வரம், கேக்கலாம். ஆடியிலயோ ஐப்பசியிலயோ வயல் வேலைக்கு நடுவுல இதை ஆரம்பிச்சா பாதிலயே நின்னுடும்.

முதல்ல ராகம். நான் தோடிதான் சொல்லுவேன், அதுவும் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்துல வாசிச்ச தோடி. 1898ல பொறந்து 1956ல போயிட்டாரு, ஆனா இன்னைக்கும் தோடின்னு சொன்னா தஞ்சாவூர் பக்கத்துல முதல்ல வர்ற பேரு அவரோடதுதான். பழைய இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான் இடம் இருந்துச்சு, அதனால அந்தப் பதிவு சின்னதுதான், யூடியூப்ல கெடைக்குது, தினமும் கேக்க நேரம் இல்லைன்னு சொல்லவே முடியாது. காலைல காபி குடிச்சதும் போன் ஸ்பீக்கர்ல வைக்காம ஹெட்போன்லயோ ஒரு நல்ல ஸ்பீக்கர்லயோ வைங்க, ஏன்னா நாயனத்தோட அடி ஒலி போன்ல வராது, கீச்சுன்னு மேல் ஒலி மட்டும்தான் வரும்.

திங்கக்கிழமை சும்மா கேளுங்க. செவ்வாய்க்கிழமை காந்தாரத்தை, அதாவது ஸரிகமவுல வர்ற ‘க’ ஸ்வரத்தை, மட்டும் தேடுங்க, தோடில காந்தாரம் ஒரு எடத்துல நிக்காது, அசைஞ்சுகிட்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. ஸ்வரம் தெரியாதுன்னா கவலையே வேணாம், கூடவே வாயால முனகிப் பாருங்க, எந்த எடத்துல உங்க குரல் புடிக்க முடியாம வழுக்குதோ அநேகமா அதுதான் அந்த எடம். அதுக்கு மறுநாள் பஞ்சமத்தை, அதாவது ‘ப’ ஸ்வரத்தை, விட்டுட்டு தாண்டிப் போற பிடிகளை, ராகத்தோட சின்னச் சின்ன துண்டுகளை, கவனிங்க, தோடி ஆலாபனையில பெரியவங்க அதை வேணும்னே செய்வாங்க. வியாழக்கிழமை அதே தோடியை ஒரு வாய்ப்பாட்டு ஆள்கிட்ட கேளுங்க, தியாகராஜர் தோடியில நெறைய கீர்த்தனை போட்டுருக்காரு, ஆளுக்குப் பஞ்சமே இல்ல. வெள்ளி சனில பக்கத்துக் கோயில்ல புறப்பாடு எதுன்னு விசாரிச்சு கெளம்புங்க. சாமி எழுந்தருளும்போது மல்லாரி வாசிப்பாங்க, அது பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகம், சாகித்யம்னு பாட்டு வரி கெடையாது, தவிலும் நாயனமும் மட்டும் சேர்ந்து எழுப்புற சத்தம். அப்புறம் வீதியுலாவுல ராகம் வரும், தோடி வந்தா உங்க அதிர்ஷ்டம். சாமிக்கு முன்னாடி போற கூட்டத்தோட நடந்தா நல்லா கேக்கும்.

நேரம் இருந்தா நரசிங்கம்பேட்டை போயிட்டு வாங்க, கும்பகோணம் மயிலாடுதுறை ரோட்லதான் இருக்கு. அங்க ஆச்சா மரத்துல நாதஸ்வரம் கடையிறாங்க, பச்சை மரம் ஆகாது, பழைய வீடுகளை இடிக்கும்போது கெடைக்கிற நல்லா காஞ்ச கட்டையைத்தான் தேடி வாங்குவாங்க. 2022ல புவிசார் குறியீடும் கெடைச்சுது. வேலை செய்ற எடம்ங்கறதால முன்னாடியே கேட்டுட்டு போங்க. அதைப் பாத்துட்டு வந்து மறுபடி தோடி கேட்டா வேற மாதிரி கேக்கும், இதை நான் உறுதியா சொல்லுவேன்.

புஸ்தகத்துக்கு தி.ஜானகிராமன். மன்னார்குடி பக்கம் தேவங்குடியில 1921ல பொறந்தவரு, கும்பகோணத்துல படிச்சவரு, சங்கீதம் தெரிஞ்சவரு, தோடி வாரத்துக்கு இவரை விட்டா யாரு? பெரிய நாவல் ஒரு வாரத்துல முடியாது, அவசரப்பட்டு புரட்டுனா பாவம், அதனால சிறுகதைத் தொகுப்பு ஒண்ணு எடுங்க, 1979ல சாகித்ய அகாதமி வாங்குன ‘சக்தி வைத்தியம்’ நல்ல ஆரம்பம். கிளை நூலகத்துல கேட்டுப் பாருங்க. ராத்திரி ஒரு கதை, ஒண்ணே ஒண்ணுதான், அதையும் வாய்விட்டு படிங்க. அப்பாயியோ அம்மாச்சியோ வீட்ல இருந்தா அவங்க பக்கத்துல உக்காந்து படிங்க, நம்ம ஊர் பேச்சு காதுல விழுந்ததும் அவங்களே நடுவுல பேச ஆரம்பிச்சுடுவாங்க, கதை அப்படியே நின்னாலும் பரவால்ல.

ஆட்டத்துக்கு பல்லாங்குழி. போன்லயும் இருக்கு, ஆனா கை நெறைய காய் அள்ளி போடுற சுகம் அதுல இல்ல. பலகை இல்லைன்னா திண்ணையில சாக்பீஸால பக்கத்துக்கு ஏழா பதினாலு வட்டம் போட்டு, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. உங்க பக்கத்துல ஏதாவது ஒரு குழியை அள்ளி ஒவ்வொண்ணா போட்டுகிட்டே போங்க, கையில தீந்ததும் அடுத்த குழியை அள்ளி தொடருங்க, அடுத்த குழி காலியா இருந்தா அதைத் தடவிட்டு அதுக்கு அடுத்த குழியில இருக்குறதை எடுத்துக்கலாம், அதோட எதிராளி முறை. ரெண்டு குழி சேந்தாப்ல காலின்னா ஒண்ணும் கெடையாது. ஒரு குழியில நாலு சேந்தா அது பசு, அந்தக் குழிக்காரங்க உடனே எடுத்துக்கணும், அசந்தா போச்சு. ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும், ஆடுறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க. மூணாவது நாள்ல இருந்து குழந்தைங்க எந்தக் குழியை எடுத்தா எங்க முடியும்னு மனசுலயே எண்ண ஆரம்பிச்சுடுவாங்க, அதுக்கப்புறம் நீங்க ஜெயிக்கிறது கஷ்டம்.

டிவிக்கு அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. அம்மா பாக்குற சீரியல் ஒண்ணு, அதை அவங்க கூட உக்காந்து போனைத் தொடாம முழுசா பாருங்க, கதை என்னாச்சுன்னு அவங்க சொல்லச் சொல்ல பாக்குறதுதான் அதுல இருக்குற சந்தோஷம். சனிக்கிழமை ஒரே ஒரு படம். அதுக்கு மேல டிவி வேணாம்.

சாப்பாட்டுக்கு கும்பகோணம் கடப்பா, இட்லிக்கு ஊத்திக்கிற பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு குழம்பு. வாரத்துல ரெண்டு தடவை செய்யணும், முதல் தடவை கை பழக, ரெண்டாவது தடவை ருசிக்க. அரை டம்ளர் பாசிப்பருப்பும் ரெண்டு உருளைக்கிழங்கும் தனித்தனியா வேகவைங்க, பருப்பு நல்லா மசியணும், கிழங்கை கையால உதிர்த்தா போதும். தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சை மிளகாய், ரெண்டு பல் பூண்டு இதெல்லாம் நைஸா அரைச்சுக்கோங்க. எண்ணெய்ல பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, வெங்காயம் தாளிச்சு, கிழங்கும் பருப்பும் தண்ணியும் ஊத்தி கொதிச்சதும் அரைச்சதை சேருங்க. பொட்டுக்கடலை இருக்குறதால சீக்கிரம் கெட்டியாகும், அடி புடிக்கும், தணல் குறைச்சு கிண்டிகிட்டே பத்து நிமிஷம். மிளகாய்த்தூள் போடவே கூடாது, போட்டா அது குருமா. எறக்கி ஆறுன பெறகு எலுமிச்சை பிழிஞ்சு கொத்தமல்லி தூவுங்க, இட்லிக்கு மேல தாராளமா ஊத்திக்கோங்க. கூட டிகிரி காபி, பால்ல தண்ணி கலக்காம, முதல் டிகாஷன்ல.

அடுத்த வாரத்துக்கு காம்போதி ராகம், எழுத்தாளர் கு.ப.ராஜகோபாலன், ஆடு புலி ஆட்டம், திருவையாறு அசோகா அல்வான்னு மாத்திக்கோங்க. அசோகாவுக்கு பாசிப்பருப்பை வறுத்துட்டு வேகவைங்க, கோதுமை மாவை நெய்ல தனியா வறுத்துட்டு சேருங்க, நெய்யை ஒரேயடியா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.