டைனிஎம்சிஇ எடிட்டரில் படம் ஏற்றும்போது

இணையப் பக்கத்திலேயே கட்டுரை எழுத உதவும் டைனிஎம்சிஇ எடிட்டரை உங்கள் தளத்தில் சேர்த்தவுடன் அப்லோட் வசதியையும் அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒட்டுகிற படம் பேஸ்64 (ஃபைலை எழுத்துகளாக மாற்றும் முறை) எழுத்துகளாகக் கட்டுரைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். 3 பைட்டுக்கு 4 எழுத்து என்பதால் அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடும், டேட்டாபேஸ் வீணாக வீங்கும்.

அமைப்பது எளிதுதான். இமேஜஸ் அப்லோட் யூஆர்எல் என்ற செட்டிங்கில் சர்வர் முகவரியைக் கொடுங்கள். ஃபைலைச் சேமித்ததும் சர்வர் அதன் முகவரியை 'லொகேஷன்' என்ற பெயரில் ஜேசன் என்ற தரவு வடிவில் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவே.

பாதுகாப்பில் மட்டும் அலட்சியம் வேண்டாம். பயனர் வைத்த பெயரிலேயே சேமிக்காமல் புதுப்பெயர் கொடுங்கள். எக்ஸ்டென்ஷனை நம்பாமல் ஃபைலின் உள்ளடக்கத்தையே சோதியுங்கள். எஸ்விஜி என்ற பட வகைக்குள் ஸ்கிரிப்டை ஒளித்துவைக்க முடியும், அதனால் நான் அதை அனுமதிப்பதே இல்லை.

அப்புறம், பலர் மறப்பது இதைத்தான்: எடிட்டரில் படத்தை அழித்தாலும் சர்வரில் அது அப்படியே இருக்கும். உடனே நீக்கவும் கூடாது, எழுதுபவர் அண்டூ அழுத்தினால் படம் திரும்பி வர வேண்டுமே! ஏறிய ஃபைல்களை ஒரு டேபிளில் பதிந்துவைத்து, எந்தக் கட்டுரையிலும் இல்லாதவற்றைச் சில நாள் கழித்து நீக்கும்படி ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் சர்வரில் தானாக இயங்குவது) போட்டுவிடுங்கள்.