கீபோர்டில் வா-வா பெடல்: எங்கே தப்பு நடக்கிறது?

காலால் சாய்த்து ஒலியின் நிறத்தை மாற்றும் வா-வா பெடலை, கிட்டார் வாசிக்கும் நண்பரிடம் கடன் வாங்கி, கீபோர்டில் மாட்டிப் பார்த்தவர்கள் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "கிட்டாரில் கேட்ட மாதிரி வரவில்லை. ஒன்று கரகரவென்று உடைகிறது, இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து குழம்புகிறது." பெடல் பழுது என்று நினைத்து மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பெடலில் குறை இருக்காது. கீபோர்டு அதற்கு அளவுக்கு மீறிக் கொடுக்கிறது. ஒலி அளவு அதிகம், ஸ்டீரியோவாக இரண்டு பக்கம், அதன்மேல் ரிவெர்ப் என்ற எதிரொலி, கூடவே பேஸும் தாளமும். இவற்றைக் குறைத்துக் கொடுத்தால் அதே பெடல் அருமையாகப் பேசும்.

பெடலுக்குள் இருப்பது ஒரு ஃபில்டர். ஒலியின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் தூக்கிக் காட்டி, மற்றதை அமுக்கும். குதிகால் பக்கம் சாய்த்தால் அந்த மேடு சுமார் 400 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். விரல் பக்கம் சாய்த்தால் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறும். 'ஊ' என்று வாயைக் குவித்துத் தொடங்கி 'ஆ' என்று திறப்பது போன்ற சத்தம் அதனால்தான் வருகிறது.

இதன் பிறப்பில் கீபோர்டுக்கும் பங்கு உண்டு. 1966இல் கலிபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளர், வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரின் மிட்ரேஞ்ச் சுவிட்சுக்குப் பதிலாகத் திருகு வைத்த ஒரு சர்க்யூட்டைச் செய்தார். அதை வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் பொருத்தியபோது உருவானதுதான் வா-வா பெடல். கூடு ஆர்கனுடையது, ஆனால் அது போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் கிட்டார்காரர்களின் காலடியில்.

கீபோர்டில் இதை அழகாகக் காட்டிய கருவி ஹோனர் நிறுவனத்தின் கிளாவினெட். தி பேண்ட் குழுவின் கார்த் ஹட்சன் 1969இல் 'அப் ஆன் கிரிப்பிள் கிரீக்' பாட்டில் கிளாவினெட்டை வா பெடல் வழியாக வாசித்தார். அது ஏன் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது என்றால், கிளாவினெட் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரு கிட்டார்தான். கம்பி அதிரும், பிக்கப் அந்த அதிர்வைப் பிடிக்கும், ஒரே ஒரு மோனோ கேபிள் வழியாக மெலிந்த ஒலி வெளியே வரும். ரிவெர்ப் கிடையாது, ஸ்டீரியோ கிடையாது. உங்கள் கீபோர்டையும் அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் முக்கால்வாசி வேலை.

ஒலி அளவில் செய்யும் தவறு

முதலாவதும் பெரியதும் இதுதான். கிட்டார் பிக்கப் தருவது ஒரு வோல்ட்டில் சிறு பகுதி. கீபோர்டின் லைன் அவுட்டில் முழு வால்யூமில் பெரிய கார்டு வாசித்தால் ஒரு வோல்ட்டைத் தாண்டிப் போகும். பழைய பாணி வா பெடலின் முதல் டிரான்சிஸ்டர் அதைத் தாங்காமல் ஒலியின் முனையை வெட்டிவிடும். அந்தக் கரகரப்பை நீங்கள் கேட்டது அங்கிருந்துதான்.

சரிசெய்ய இப்படிப் போங்கள். பெடலை ஆன் செய்து பாதி சாய்வில் நிறுத்துங்கள். கீபோர்டு வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, நீங்கள் மேடையில் வாசிக்கப்போகும் கனமான கார்டை அழுத்தமாக வாசித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பெடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே கேளுங்கள். ஏதாவது ஒரு இடத்தில் ஒலி முதலில் உடையும். அங்கிருந்து நன்றாகக் கீழே இறக்கி நிறுத்துங்கள். குறைந்துபோன ஒலியைப் பெடலுக்கு அப்புறம், மிக்சரின் கெயினில் ஏற்றிக்கொள்ளலாம். பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: மிக்சரைக் குறைத்து வைத்துவிட்டு, கீபோர்டை முழுதாகத் திறந்துவிடுவார்கள்.

வால்யூமை மிகவும் இறக்கினால் சில கீபோர்டுகளில் இரைச்சல் மேலே வந்துவிடும். அப்போது இன்னொரு வழி உண்டு. கீபோர்டை மிக்சரின் ஒரு சேனலில் வழக்கம்போலப் போட்டு, ஒலியின் ஒரு பிரதியைத் தனி அவுட்டுக்கு அனுப்பும் ஆக்ஸ் திருகை அதில் லேசாகத் திறந்து, ஆக்ஸ் அவுட்டிலிருந்து பெடலுக்கு அனுப்புங்கள். பெடலிலிருந்து வருவதை வேறொரு சேனலில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. திரும்பி வரும் சேனலில் அதே ஆக்ஸைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து மேடையே ஊளையிடும். அடுத்தது, ஆக்ஸை ப்ரீ-ஃபேடரில் (ஃபேடரை இறக்கினாலும் ஆக்ஸில் ஒலி போகும் நிலையில்) வைத்து, நேரடி சேனலின் ஃபேடரைக் கீழே இறக்கிவிட வேண்டும். நேரடி ஒலியும் கூடவே கேட்டால் பெடலின் அசைவு பாதி மறைந்துபோகும்.

வீட்டு கீபோர்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சிறிய மாடல்களில் லைன் அவுட் இருக்காது, ஹெட்போன் ஜாக் மட்டும்தான். அதிலிருந்து ஸ்டீரியோ பிளக் கேபிளைப் பெடலில் நேராகச் செருகினால் பல பெடல்கள் உயிர்பெறவே செய்யாது. காரணம், இன்புட்டில் மோனோ பிளக் நுழைந்தால்தான் உள்ளே பேட்டரி இணைப்பு முழுமையாகும். சரியென்று சாதாரண மோனோ பிளக்கை ஹெட்போன் ஜாக்கில் செருகினாலோ, வலது பக்க ஆம்ப்ளிஃபயர் ஷார்ட் ஆகும். ஒரு முனையில் ஸ்டீரியோ பிளக், மறுமுனையில் இரண்டு மோனோ பிளக் கொண்ட ஒய் கேபிள் வாங்குங்கள். இடது பிளக்கை மட்டும் பெடலில் மாட்டி, மற்றதைச் சும்மா விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவது

கீபோர்டின் ஒவ்வொரு டோனும் கடையிலிருந்து வரும்போதே ரிவெர்ப், கோரஸ் பூசிக்கொண்டு வருகிறது. அதை அப்படியே வா பெடலுக்கு அனுப்பினால், வாசித்த ஸ்வரத்தோடு அதன் வாலும் சேர்ந்து அலையும். அடுத்த ஸ்வரத்துக்காகக் காலை மடக்கும்போது முந்தைய ஸ்வரத்தின் எதிரொலியும் மடங்கும். குழம்பல் என்று காது சொல்வது இதைத்தான். கீபோர்டில் ரிவெர்ப்பையும் டிலேயையும் நிறுத்திவிட்டு, தேவையான ரிவெர்ப்பை மிக்சரில் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே ஒலி பளிச்சென்று ஆகும்.

வா பெடல் மோனோ. அதனால் கீபோர்டின் இடது அவுட்டிலிருந்து மட்டும் எடுங்கள்; அதன் அருகில் 'எல்/மோனோ' என்றோ 'எல்/எல்+ஆர்' என்றோ எழுதியிருக்கும். அதில் மட்டும் கேபிள் இருந்தால் இரண்டு பக்க ஒலியும் உள்ளேயே சேர்ந்து வரும். வலதில் மட்டும் மாட்டினால் பாதிதான் வரும்.

மெல்லிசை மேடையில் வாசிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல், ஸ்டைலோடு, அதாவது கீபோர்டு தானே போடும் பக்கவாத்தியத்தோடு வாசிப்பது. டிரம்ஸ், பேஸ், வலது கை டோன் மூன்றும் ஒரே அவுட்டில் வருகின்றன. பெடலை மிதித்தால் டிரம்ஸும் சேர்ந்து 'ஊ-ஆ' போடும், பேஸ் காணாமலே போகும். வா ஃபில்டர் அடித்தட்டை வெட்டுவதால், கீபோர்டை இரண்டாகப் பிரித்து (ஸ்பிளிட்) இடது கையில் பேஸ் வாசித்தாலும் இதே கதிதான்.

தனி சப் அவுட் உள்ள கீபோர்டு என்றால் வலது கை டோனை அதற்கு அனுப்பிவிட்டால் முடிந்தது. அது இல்லாத, ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி பேன் (ஒலியை இடது, வலது பக்கம் தள்ளும் அமைப்பு) வைக்க முடிகிற மாடல்களில் ஒரு நல்ல உபாயம் உண்டு. கீபோர்டின் மிக்சர் திரையைத் திறந்து, வலது கை டோனின் பேனை முழுக்க இடதுக்குத் தள்ளுங்கள். ஸ்டைலின் எல்லாப் பகுதிகளையும் இடது கை பேஸையும் முழுக்க வலதுக்குத் தள்ளுங்கள். இடது அவுட்டிலிருந்து கேபிள் வா பெடலுக்கு; வலது அவுட்டிலிருந்து நேராக மிக்சருக்கு. மிக்சரில் இரண்டு சேனலையும் நடுவில் வைத்துவிட்டால் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு கேபிளும் மாட்டியிருக்க வேண்டும் என்பது முக்கியம். வலது கேபிள் கழன்றால் கீபோர்டு எல்லாவற்றையும் இடதில் சேர்த்துவிடும், நடுப்பாட்டில் டிரம்ஸ் பெடலுக்குள் விழும். ரிவெர்ப்பையும் நிறுத்தியே ஆக வேண்டும், அது இரண்டு பக்கமும் கசியும். ஸ்டீரியோ அகலம் போய்விடுமே என்று கேட்கலாம். போகும். வா பெடல் வேண்டும் என்றால் அந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பொருந்தாத டோன்

ஃபில்டர் இருப்பதைத்தான் தூக்கிக் காட்டும், இல்லாததை உண்டாக்காது. புல்லாங்குழல் டோனில் மேல் சுருதிக் கூறுகள் குறைவு. அதில் பெடலை எவ்வளவு ஆட்டினாலும் ஒலி கூடிக் குறைவது போலத்தான் கேட்கும். கிளாவினெட், கொஞ்சம் கடித்து ஒலிக்கும் எலக்ட்ரிக் பியானோ, மேல் டிராபார்களை (ஒலிக் கூறுகளைக் கூட்டும் இழுப்புக் கட்டைகளை) திறந்த ஆர்கன், ரம்பப் பல் வடிவ அலை கொண்ட சின்தசைசர், பிராஸ் இவையெல்லாம் நன்றாகப் பேசும். கிராண்ட் பியானோவில் இரண்டு கையாலும் விரித்து வாசிக்கும் கார்டுகளுக்கு வா பெடல் சரிப்படாது. நடுப்பகுதியில் இரண்டு மூன்று ஸ்வரம் போதும்.

கமகத்துக்கு உதவும் என்று நம்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வா பெடல் சுருதியைத் தொடவே தொடாது, ஒலியின் நிறத்தை மட்டும்தான் மாற்றும். ஸ்வரத்தை வளைக்க பிட்ச் பெண்ட் வீலுக்குத்தான் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம், அது சுகமாகவும் இருக்கும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

தவறான ஜாக், தவறான அடாப்டர்

கீபோர்டின் பின்னால் 'பெடல்' என்று எழுதிய ஓட்டையில் வா பெடலைச் செருகிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். அந்த ஓட்டை ஸ்வரத்தை நீட்டிக்கும் சஸ்டெய்ன் சுவிட்சுக்கோ எக்ஸ்பிரஷன் பெடலுக்கோ உரியது. வா பெடல் ஒலி போகும் வழியில், கீபோர்டு அவுட்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் உட்கார வேண்டியது.

பல கீபோர்டுகளுக்குள்ளேயே வா எஃபெக்ட் இருக்கிறது. அதை ஓட்ட வேண்டுமானால் தேவைப்படுவது எக்ஸ்பிரஷன் பெடல். இந்த வழியில் வலது கை டோனுக்கு மட்டும் வா போட முடிகிறது என்பதால், ஸ்டைலோடு வாசிப்பவர்கள் பெடல் வாங்கும் முன் இதை முயன்று பார்ப்பது நல்லது. எக்ஸ்பிரஷன் பெடலின் வழக்கமான வேலை ஒலியைக் கூட்டிக் குறைப்பது. மெனுவில் அதை வாவுக்கு மாற்றாமல் விட்டால், குதிகால் பக்கம் போகும்போதெல்லாம் சத்தமே அடங்கிவிடும். கம்பெனிக்குக் கம்பெனி உள் இணைப்பு வேறு என்பதால், உங்கள் கீபோர்டின் கையேட்டில் சொல்லியிருக்கும் பெடலையே வாங்குங்கள்.

அடாப்டரில் செய்யும் தவறு பெடலையே எரித்துவிடக்கூடும். பெரும்பாலான வா பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். யமஹா கீபோர்டுகளோடு வரும் பல அடாப்டர்கள் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பிளக் நுழைகிறது என்பதற்காக மாற்றிப் போடாதீர்கள். இரண்டிலும் அச்சிட்டிருக்கும் சின்னத்தை ஒருமுறை பாருங்கள். பேட்டரியில் ஓட்டினால், வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைக் கழற்றுங்கள். அது செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், பெடல் ஆஃபில் இருந்தாலும்.

கால் பழக்கம்

வலது கால் சஸ்டெய்னில் இருக்கும், எனவே வா பெடல் பெரும்பாலும் இடது காலுக்குப் போகும். பழகாத கால் என்பதால் எல்லோரும் அவசரப்பட்டு, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மிதி மிதிக்கிறார்கள். கை வேகமாக நறுக்கி வாசிக்கும்போது கால் நிதானமாக, ஒரு தாள அடிக்கு ஒருமுறையோ இரண்டு தாள அடிக்கு ஒருமுறையோ போய்த் திரும்பினால் போதும். ஆட்டாமல் பாதியில் நிறுத்தி, மூக்கடைத்த ஒலியாக ஒரு வரி முழுவதும் வாசிப்பதும் உண்டு. அதை முயன்று பாருங்கள். சஸ்டெய்னை மிதித்தபடி வா போடும்போது ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், ஆகவே வலது காலை எடுத்துவிட்டுப் பழகுங்கள்.

பல பெடல்களில் ஆன்-ஆஃப் சுவிட்ச் விரல் பக்கத்துக்கு அடியில், நன்றாக அழுத்தினால்தான் மாறும்படி இருக்கும். உட்கார்ந்து வாசிப்பவருக்கு அந்த அழுத்தம் எளிதில் வராது, பெடலும் வழுக்கி முன்னே ஓடும். அடியில் ரப்பர் பாய் போடுங்கள், முழங்கால் ஸ்டாண்டில் இடிக்காத உயரத்தில் கீபோர்டை வையுங்கள்.

கால் ஒத்துழைக்காதவர்கள் ஆட்டோ வாவுக்குப் போகிறார்கள். விரல் அழுத்தத்துக்கேற்ப வரும் ஒலி அளவைக் கேட்டு ஃபில்டர் தானே திறப்பது அது. ஸ்டீவி வொண்டர் 1973இல் 'ஹையர் கிரவுண்ட்' பாட்டில் கிளாவினெட்டுக்கு மியூட்ரான் என்ற அந்த வகைப் பெட்டியைத்தான் பயன்படுத்தினார். அங்கும் ஒரு பொறி உண்டு: ஆர்கன் டோனில் மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே ஒலிதான், எனவே ஃபில்டர் ஒருமுறை திறந்து அப்படியே நின்றுவிடும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே விரலை எடுத்து இடைவெளி விட்டால்தான் அது மூடித் திறக்கும்.

கடைசியாக ஒலியைச் சரிபார்க்கும்போது பெடலை விரல் பக்கம் சாய்த்து வைத்துப் பாருங்கள். கிட்டார் ஆம்ப் கூர்மையான மேல் ஒலியைத் தானே கொஞ்சம் மழுக்கிவிடும். மேடை ஸ்பீக்கர் அப்படிச் செய்யாது, முன்வரிசையில் இருப்பவர் காதைக் குத்தும். ஹெட்போனில் பழகுபவர்களும் இதே நிலையில்தான் வால்யூம் வைக்க வேண்டும். அடாப்டர்களுக்குப் பக்கத்தில் பெடலை வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அவற்றின் 'ம்ம்' இரைச்சலை இழுத்துக்கொள்ளும். நாள்பட மிதிக்கும்போதெல்லாம் 'கர்' என்று கேட்டால், உள்ளே பெடலோடு சேர்ந்து சுழலும் திருகில் தூசி சேர்ந்திருக்கிறது. அடிமூடியைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது முறை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் அந்தத் திருகை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், புதுப் பெடல் வாங்க வேண்டியதில்லை.