வான்கோழி வேட்டைக்குப் புதுசா? தோட்டாவும் சோக்கும் தேர்ந்தெடுப்பது இப்படித்தான்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை சீசன் வழக்கமாக ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இங்கே இருக்கும் நம் ஆட்கள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, எந்தத் தோட்டா வாங்கணும், எந்த சோக் போடணும்?" ஒரு பெயரைச் சொன்னால் அன்று மாலையே வாங்கி வந்துவிடுவார்கள், அதனாலேயே நான் சொல்வதில்லை. நாம் பேசுவது ஷாட்கன், ஒரே தோட்டாவிலிருந்து நிறையப் பொடிக் குண்டுகள் பறக்கும். அவை எவ்வளவு பரவும் என்பதைக் கட்டுப்படுத்த, குழல் முனையில் திருகும் உருளைதான் சோக். என் துப்பாக்கியில் அடர்த்தியாக விழும் தோட்டா, அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் துப்பாக்கியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியதை நேரில் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்குவது பாதி வேலைதான். மீதிப் பாதியை காகிதத்தில் சுட்டுப் பார்த்துத்தான் முடிக்க வேண்டும்.

முதலில் ஒரு சட்ட விஷயம், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடை செய்கிறது. அதில் இருக்கும் விலக்குகளில் ஒன்று, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ஆகவே வரிசை முக்கியம்: வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கிக் கடை. மாநிலச் சட்டம் தனியாக இருக்கும், சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், விசா விஷயத்தில் ஊகம் வேண்டாம்.

படி 1: எதைச் சுடப் போகிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள்

வான்கோழியின் உடம்பைக் குறிவைக்கக் கூடாது. நெஞ்சில் தடித்த சதையும் அதன்மேல் இறகு அடுக்குகளும் இருப்பதால், அங்கே பட்ட பறவை பறந்து போய் எங்காவது புதருக்குள் கிடந்து மெதுவாகச் சாகும். நமக்கும் கிடைக்காது, அதற்கும் கொடுமை. தலையும் கழுத்தும்தான் இலக்கு. அது நிமிர்ந்து நிற்கும்போதுகூட ஒரு மனிதனின் முன்கை அளவுதான் இருக்கும், அதுவும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்ன இடத்தில் பல குண்டுகள் ஒரே நேரத்தில் பட்டால்தான் நின்ற இடத்திலேயே விழும். கீழே சொல்லப் போகும் எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

படி 2: குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்

12 கேஜ், 3 அங்குலம் என்பதுபோல குழலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். கேஜ் என்பது குழல் வாயின் அளவு, எண் ஏற ஏற குழல் சிறுக்கும்; அங்குலம் என்பது தோட்டாவின் நீளம். அந்த நீளத்துக்கு மேற்பட்ட தோட்டாவைப் போடவே கூடாது. "உள்ளே போகிறதே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். தோட்டாவின் மேல் குறித்திருக்கும் நீளம், சுட்ட பிறகு அதன் மடிந்த வாய் விரிந்து நிற்கும் நீளம். சுடுவதற்கு முன் அது குட்டையாக இருப்பதால் 2¾ அங்குல அறைக்குள் 3 அங்குலத் தோட்டா சிக்கலில்லாமல் நுழைந்துவிடும், சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

இன்னொன்று, 12 கேஜ் தோட்டாவையும் 20 கேஜ் தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னாலேயே ஒரு 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதே இதற்காகத்தான்.

புதியவருக்கு 3½ அங்குலம் தேவையே இல்லை என்பது என் கருத்து. சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கித் தரும் உதை தோளைப் பிய்த்துவிடும், இரண்டு வெடிக்குப் பிறகு விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும். 12 கேஜில் 3 அங்குலம் தாராளம்.

படி 3: குண்டின் உலோகமும் அளவும்

தோட்டாவுக்குள் இருக்கும் பொடிக் குண்டுகளை ரவை என்று சொல்கிறேன். நம் ஊர்ச் செய்திகளில் "பால்ரஸ் குண்டு" என்று படித்திருப்பீர்களே, அந்த வகைதான். ரவைக்கு எண் உண்டு, எண் ஏற ஏற ரவை சிறுக்கும். 17-லிருந்து அந்த எண்ணைக் கழித்து நூறால் வகுத்தால் விட்டம் அங்குலத்தில் கிடைக்கும். 5-ஆம் எண் என்றால் 0.12 அங்குலம், 9-ஆம் எண் என்றால் 0.08.

ஈயத்தில் ஒரு அவுன்ஸுக்கு 4-ஆம் எண் ஏறக்குறைய 135 ரவை, 5-ஆம் எண் 170, 6-ஆம் எண் 225. பெரிய ரவை ஆழமாகப் பாயும், ஆனால் எண்ணிக்கை குறைவு. சின்ன ரவை நிறைய இருக்கும், ஆனால் தூரம் போகப் போக வலு போய்விடும். ஈயம் என்றால் நான் 5-ஆம் எண்ணில் தொடங்கச் சொல்வேன், எண்ணிக்கைக்கும் வலுவுக்கும் நடுவில் நிற்பது அதுதான்.

அடுத்து, எல்லோரும் பேசும் டிஎஸ்எஸ், அதாவது டங்ஸ்டன் கலவை ரவை. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் சொச்சம், இது 18 கிராம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதற்கே எழுதியதுபோல இருக்கும்: 9-ஆம் எண் டிஎஸ்எஸ் ரவை உண்மையிலேயே கடுகளவுதான், ஆனால் பாய்வதில் ஈயத்தின் 5-ஆம் எண்ணோடு நிற்கிறது. 1¾ அவுன்ஸில் ஈயம் 5-ஆம் எண் ஏறக்குறைய 300 ரவை என்றால், 9-ஆம் எண் டிஎஸ்எஸ் 600-க்கு மேல். இதனால்தான் முன்பு வான்கோழிக்கு யாரும் அதிகம் எடுத்துப் போகாத 20 கேஜும் அதைவிடச் சின்னக் குழலான 410-உம் இப்போது காட்டுக்குள் வருகின்றன. உடல் வலு குறைந்தவர்கள், பதின்வயதுப் பிள்ளைகள், உதைக்குப் பயப்படுபவர்கள் எல்லோருக்கும் 20 கேஜில் டிஎஸ்எஸ் நல்ல வழி. விலைதான் கஷ்டம், ஐந்து தோட்டாப் பெட்டிக்கு ஈயத்தைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். 35 கஜத்துக்குள் சுடுவேன் என்று உறுதியாக இருந்தால் ஈயமே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. (யார்டைத்தான் கஜம் என்கிறேன்.)

விதிகளையும் பாருங்கள். மிசூரியில் வான்கோழிக்கு 4-ஆம் எண்ணைவிடப் பெரிய ரவை கூடாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயமே கூடாது. மற்ற மாநிலங்களில் அந்தந்த ஆண்டு வரும் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

படி 4: சோக்

தோட்டத்தில் ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் குவிந்து தூரம் போகிறதே, சோக் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். குழல் முனையில் திருகும் ஒரு சின்ன உருளை, வாய் கொஞ்சம் குறுகலாக இருக்கும். 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 0.729 அங்குலம். ஃபுல் சோக் அதைவிட 0.035 முதல் 0.040 வரை குறுகல். வான்கோழிக்கென்று விற்கும் எக்ஸ்ட்ரா ஃபுல் சோக்குகள் இன்னும் குறுகலாக, 0.640-லிருந்து 0.670 வரை வாய் விட்டத்தோடு வரும்.

குறுகக் குறுக நல்லது என்று நினைக்க வேண்டாம். ஈயம் மென்மையானது, அளவுக்கு மீறி நெருக்கினால் ரவை நசுங்கி, நசுங்கிய ரவை திசைமாறி ஓடும். டிஎஸ்எஸ் நசுங்காது, அதனாலேயே பல துப்பாக்கிகளில் கொஞ்சம் அகன்ற வாயே போதுமாக இருக்கிறது. இரும்பு ரவையை எக்ஸ்ட்ரா ஃபுல் வழியாகச் சுடவே கூடாது, குழல் முனை கெட்டுப்போகும். சோக் எந்த ரவைக்கு ஏற்றது என்று அதன் மேலேயே அல்லது பெட்டியில் எழுதியிருப்பார்கள். ஃபெடரல் கம்பெனியின் பழைய ஃப்ளைட்கன்ட்ரோல் மாதிரியான வாட் வரும் தோட்டாக்களுக்கு ஓட்டை போட்ட சோக் வேண்டாம், ரவையைச் சுமந்து போகும் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தின் வேலையை அது கெடுக்கலாம்.

திருகும் மரையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரெமிங்டன் 870-க்கு ரெம் சோக், மாஸ்பெர்க் 500-க்கு அக்யூ-சோக். மாஸ்பெர்க் 835 வேறு மரை, பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சோக் இல்லாமல் வெறும் குழலில் சுட்டால் மரை பாழாகும், சுடும்போதும் அவ்வப்போது துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுத் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: காகிதம்

இங்கே அவசரப்படாதீர்கள். மூன்று அடிக்கு மூன்று அடி பழுப்புக் காகிதம், நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. காதில் அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, தோளுக்கு ஒரு மெத்தை. முதலில் உதை குறைந்த சாதாரணத் தோட்டாவில் 20 கஜத்தில் சுட்டு, குறிவைத்த இடத்தில்தான் விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வேட்டைத் தோட்டாவை எடுத்து 20, 30, 40 கஜம்.

40 கஜத்துக் காகிதத்தில் ரவை அடர்த்தியாக இருக்கும் இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் போடுங்கள். வீட்டு எவர்சில்வர் தட்டு ஒன்றை அளந்து எடுத்துப் போனால் வேலை சுலபம். உள்ளே இருக்கும் ஓட்டைகளை எண்ணுங்கள். 100-க்கு மேல் இருந்தால் அந்தத் தூரம் உங்களுடையது, குறைந்தால் 35-க்கு வாருங்கள், அங்கும் குறைந்தால் 30. இந்த 100 சட்டம் இல்லை, வேட்டைக்காரர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. எண்ணிக்கை மட்டும் போதாது, வட்டத்துக்குள் உள்ளங்கை அளவு வெற்றிடம் எதுவும் இருக்கக் கூடாது. வட்டத்தின் மையம் கருப்புப் புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் தோட்டாவைக் குறை சொல்லாதீர்கள், சைட்டை, அதாவது துப்பாக்கியில் குறிபார்க்கும் பகுதியைத் திருத்த வேண்டும். ஒரே சோக்கில் ஒரே தோட்டாவை மூன்று முறையாவது சுட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

20 கஜத்துக் காகிதத்தையும் உற்றுப் பாருங்கள். ரவை எல்லாம் ஒரு சின்ன இடத்தில் குவிந்திருக்கும். என் முதல் சீசனில் பன்னிரண்டு தப்படி தூரத்தில் வந்து நின்ற ஒரு சேவலை, அதாவது ஆண் வான்கோழியைத் தவறவிட்டேன். அவ்வளவு கிட்டத்தில் ரவை முஷ்டி அளவுக்கு மேல் விரிந்திருக்காது, நான் கன்னத்தைத் துப்பாக்கியின் கட்டையில் சரியாகப் பதிக்காமல் சுட்டதில் மொத்தமும் தலைக்கு மேலே போய்விட்டது. ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. இறுக்கமான சோக் போட்டிருப்பவர்களுக்கு கிட்டத்து வெடிதான் கஷ்டம், சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ரெட் டாட் சைட் பொருத்துவது இதற்கு நிஜமாகவே உதவுகிறது.

படி 6: காட்டில்

உட்கார்ந்ததும் உங்கள் எல்லைத் தூரத்தில் ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டி நிற்பதைச் சுடாதீர்கள். முதுகுக்குப் பின்னால் தோளைவிட அகலமான மரம் இருக்கட்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடையில் வேண்டாம், கைக்குட்டைகூட வேண்டாம், சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். சத்தம் கேட்ட திசையில் பதுங்கிப் போகாதீர்கள், அங்கே கூப்பிடுவது இன்னொரு மனிதனாக இருக்கலாம்.

வாலை விரித்து நிற்கும் சேவல் கழுத்தை உள்ளிழுத்து வைத்திருக்கும், அப்போது சுட வேண்டாம். பெட்டை வான்கோழிபோல மெல்ல ஒரு "க்ளக்" சத்தம் கொடுங்கள், கழுத்தை நீட்டிப் பார்க்கும். மார்பில் தொங்கும் தாடியை உறுதி செய்துகொண்டு, இறகு முடிந்து வெறும் கழுத்து தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே குறிவையுங்கள்.

தோட்டாவின் பெயர், ரவை எண், சோக்கின் வாய் அளவு, உங்கள் எல்லைத் தூரம், இந்த நான்கையும் ஒரு துண்டு டேப்பில் எழுதித் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் இதில் ஒன்றை மாற்றினாலும் டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு காகிதத்தோடு மறுபடி தொடங்க வேண்டும்.